வெக்கை இறங்கும் கூரை: செஞ்சி வீடுகளைச் செப்பனிடும் செலவு யாருடையது?

செஞ்சி நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12.25 பாகையில் அமைந்திருப்பதால், சூரியன் ஆண்டில் இரண்டு தடவை, சித்திரையில் ஒரு முறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு முறையும், நடுப்பகலில் அவ்வூரின் உச்சிக்கு நேர் மேலே வந்து நிற்கிறான். அக்கினி நட்சத்திரம் பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகவே நிகழும் இந்த உச்சி நிலையின் பயனாக, சுவர்களின் மீது சாய்வாகத் தடவிச் செல்லும் நண்பகல் வெயில், கூரையின் மீதோ முழு வேகத்துடன் செங்குத்தாக இறங்குகிறது. மேகமற்ற கோடைப் பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் சக்தி ஏறக்குறைய 1000 வாட் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. ஆகவே 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர், தளம் போட்ட ஒரு சிறு வீட்டின் தலைமேல் இருபத்தெட்டு மின்சார இஸ்திரிப் பெட்டிகளை ஏககாலத்தில் சூடேற்றி வைத்ததற்குச் சமமான உஷ்ணம் வந்து கவிகிறது. சாம்பல் நிறமான வெற்றுச் சிமெண்டுத் தளம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவையே வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சியதைத் தானே உட்கொண்டு, மேற்பரப்பு அறுபது டிகிரி வரையில் காய்ந்து, மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிக் குழந்தைகள் உறங்கப் போகும் வேளையில், அந்த உஷ்ணத்தைக் கீழே இறக்கத் தொடங்குகிறது.

புதிதாகக் கட்டப்போகும் வீடுகளைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டு மக்கள் குடியிருந்து வரும் வீடுகளை, அதிகமான மின்சாரத்தைச் செலவழிக்காமலே வாழத்தக்கவையாகத் திருத்தி அமைப்பது எங்ஙனம், அத்திருத்தத்துக்கு ஆகும் செலவை எளிய குடும்பங்கள் தாங்கும்படி செய்வதற்கு அரசாங்கத்தின் கொள்கையும் ஆராய்ச்சி நிலையங்களின் உழைப்பும் எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த விஷயம். உலகெங்கும் இதைப்பற்றிப் பெரிய நூற்குவியல் இருக்கிறது. எனினும் அதன் பெரும்பகுதி குளிர் தேசங்களில் பிறந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், அமெரிக்க சர்க்கார் 1976-இல் ஏழைகளின் வீடுகளுக்குக் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்து, சுவருக்கும் பரணுக்கும் உள்ளே பஞ்சு போன்ற காப்புப் பொருளை நிரப்பித் தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அங்கே நோக்கம், காசு கொடுத்து உண்டாக்கிய சூட்டை வீட்டுக்குள்ளேயே காப்பது. அங்கே வீடு திருந்தினால் எரிபொருள் ரசீது உடனே குறைகிறது. குறைந்த தொகையிலிருந்து செலவை மீட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் எளிதாக அமைகிறது. செஞ்சி அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலோ சூடு காசு கொடாமலே வருகிறது. அதை வெளியே நிறுத்துவதுதான் காரியம். இந்த ஒரு வேற்றுமையைக் கவனியாமல் அந்நாட்டுக் கொள்கைகளை அப்படியே எடுத்து ஆளுவோமாயின், நம்முடைய கணக்கு ஆரம்பத்திலேயே பிசகிப்போகும்.

செஞ்சியையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் கூரையின் சரித்திரமாகவே ஒருவர் படித்துவிடலாம். பனை மிகுந்த இந்த நாட்டில், நெல் விளையும் இந்தப் பூமியில், பனையோலையும் வைக்கோலும் வேய்ந்த கூரை வீடுகளே நெடுங்காலம் பெரும்பான்மையாக இருந்தன. வெக்கையைத் தடுப்பதில் அக்கூரைக்கு நிகரானது இன்றும் குறைவு. ஆயினும் ஒரு தீப்பொறியிலோ ஒரு புயலிலோ ஒரு குடும்பத்தின் சகல சம்பத்தும் அழிந்துபோகக்கூடிய வீடு அது என்பதையும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறை மாற்றி வேயும் செலவும் உழைப்பும் ஏழையின் முதுகிலேயே விழுந்தன என்பதையும் மறந்து அதைப் புகழ்வது நியாயமாகாது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் நாட்டு ஓடு போட்டார்கள். பிறகு மங்களூர் ஓடு வந்தது. ஊரின் பழைய பெரிய வீடுகளில், தேக்கு அல்லது பனங்கட்டைகளின் மேல் செங்கற்களைச் சாய்வாகவும் செங்குத்தாகவும் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து முடித்த மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் அமைந்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை விட்டுச் சுண்ணாம்பை நாட்கணக்கில் இடித்த அந்தக் கொத்தனார்கள் வெப்பக் கடத்தல் குணகம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். எனினும் வெயிலுக்கும் அறைக்கும் நடுவே ஓர் அடி கனத்துக்குச் சற்றே குறைந்த, உள்ளே காற்று நுண்துளைகள் நிறைந்த ஒரு மெத்தையை விரிக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதன்பின் சிமெண்டின் காலம் வந்தது. 1985-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமும் அதையொத்த பிற திட்டங்களும் ஊர்ப்புறங்களில் எழுப்பிய தொகுப்பு வீடுகள், 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் நோக்குடன் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-இல் 300 சதுர அடியில் சூரிய மின் விளக்குகளுடன் வந்த பசுமை வீடுகள் திட்டம், 2024-இல் தொடங்கப்பட்டு 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகளைக் கட்டத் தீர்மானித்துள்ள கலைஞரின் கனவு இல்லம் என்று ஒவ்வொரு ஆட்சியும் ஏழைக்குத் தீப்பிடிக்காத தலைமேற்கூரை ஒன்றைத் தருவதைத் தன் பெருமையாகக் கருதியிருக்கிறது. அந்தப் பெருமை உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. ஆனால் இத்திட்டங்களால் எழுந்த வீடுகளில் மிகப் பல, நான்கு அல்லது ஐந்து அங்குலக் கனமுள்ள கான்கிரீட் தளத்தையே வெயிலுக்கும் மனிதனுக்கும் இடையில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. பசுமை வீடுகளில் விளக்குக்குக் காட்டிய அக்கறையில் பாதியைத் தளத்துக்கும் காட்டியிருந்தால், இன்று அவ்வீடுகளில் மே மாதத்து இரவு வேறாக இருந்திருக்கும். கான்கிரீட்டும் எட்டாதவர்கள் சிமெண்டு அட்டையின் கீழும் தகரத்தின் கீழும் வாழ்கிறார்கள். அவ்வீடுகளின் பகல் வேளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையில் இராஜகிரி மலையின் அடிவாரத்திலுள்ள களஞ்சியங்களின் கனத்த சுவர்களுக்குள்ளும் வளைந்த கூரைகளின் கீழும் நின்று, வெளியே தகிக்கும் வெயிலை மறந்து, நம் முன்னோர்கள் போலக் கட்டத் தெரியவில்லையே என்று வருந்துவதுண்டு. அந்த வருத்தத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. களஞ்சியம் நெல்லுக்காகக் கட்டப்பட்டது. அதற்கு இரவில் உறக்கம் தேவையில்லை. பகலெல்லாம் சூட்டை விழுங்கி இரவெல்லாம் அதை வெளியிடும் கனத்த கல்லும் காரையும் நம்முடைய ஈரம் கலந்த வெப்பநிலையில், காற்றோட்டமும் சேர்ந்திராவிட்டால், உறங்குகிற மனிதனுக்குத் துன்பமாகவே முடியும். அதே கோட்டையின் கல்யாண மகாலில் அடுக்கடுக்காக எழும் கோபுரத்தின் வளைவுகள் நாற்புறமும் காற்றுக்குத் திறந்திருப்பதையும், அதன் நடுமுற்றத்தையும், அருகே நீர்நிலை அமைந்ததையும் பார்த்தால், கனத்தை எங்கே வைப்பது, திறப்பை எங்கே வைப்பது என்று பிரித்தறிந்த அறிவு அங்கே வேலை செய்திருப்பது விளங்குகிறது. கற்றுக்கொள்ளத்தக்கது அந்தப் பிரித்தறிதலே.

இனி, வழிகள் என்னவென்று பார்ப்போம். அவை புதியவையுமல்ல, அரியவையுமல்ல. தளத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பது மிகமிக மலிவானது. ஆனால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்பதில்லை. வெயிலைத் திருப்பும் வெண்பூச்சு விழுந்த ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிடும்; புழுதியும் பாசியும் படிவதால் அதன் வெண்மை ஆண்டுக்கு ஆண்டு குறையும், சில ஆண்டுகளில் மறுபடியும் பூச வேண்டும். உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைப் பதிப்பது நெடுநாள் நிற்கும். செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பின் மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறை சூட்டையும் தடுக்கும், நீரையும் தடுக்கும். மொட்டை மாடியில் கீற்றுப் பந்தல் போடுவது, சூரிய மின்தகடுகளை ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தி அவற்றின் நிழலையும் பயன்படுத்திக்கொள்வது, மேற்குச் சுவருக்கு நிழல் தரும்படி மரம் வைப்பது, எதிரெதிரே ஜன்னல் இல்லாத அறையில் சுவரின் மேற்பகுதியில் துளை விட்டு வெக்கை வெளியேற வழி செய்வது, அட்டைக் கூரையின் கீழ் ஒரு தட்டுக் கூரை அமைத்து இடையில் காற்று உலவவிடுவது, இவை யாவும் செஞ்சியில் உள்ள எந்த மேஸ்திரியாலும் செய்யக்கூடியவை. வீட்டுக்குள் சுழலும் பழைய மின்விசிறி 70 முதல் 80 வாட் வரை இழுக்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. தொழில்நுட்பம் இங்கே தடையாக நிற்கவில்லை என்பது இவ்வளவில் தெளிவாகும். தடையாக நிற்பது பணம். பணத்தைவிடவும் அதிகமாக, யார் செலவழிக்கிறார்கள், யார் லாபம் அடைகிறார்கள் என்ற கணக்கு.

சட்டத்தை நோக்கினால் அதன் கை இங்கே எட்டவில்லை. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் வர்த்தகக் கட்டடங்களுக்கு 2007-இல் ஒரு விதித்தொகுப்பு வந்தது. குடியிருப்புகளுக்கு 2018-இல்தான் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு வெளியாயிற்று. கூரை வழியாகக் கடக்கும் வெப்பத்துக்கு அது விதித்த உச்ச வரம்பு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட், நம்முடைய வெற்றுக் கான்கிரீட் தளம் கடத்துவது அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வரம்பு சரியானதே. ஆனால் அந்தத் தொகுப்பு 500 சதுர மீட்டர், அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேற்பட்ட மனையில் எழும் புதிய வீடுகளுக்கென்று வகுக்கப்பட்டது. செஞ்சிப் பேரூராட்சியின் தெருக்களில் அவ்வளவு பெரிய மனையில் வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டு சென்டிலும் மூன்று சென்டிலும் ஏற்கெனவே கட்டிக்கொண்டு வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அச்சட்டத்தால் நன்மையுமில்லை, தீமையுமில்லை.

மின் கட்டணத்தின் அமைப்பு இப்பிரச்சினையின் மர்மஸ்தானம் என்பது என் துணிபு. ஆகையால் இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் விலையை மாநில அரசு மின் கழகத்துக்கு ஈடு செய்கிறது. 2022 செப்டம்பரில் வகுத்த கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். அதன் பிறகு வீதங்கள் சிறிது ஏறியிருந்தாலும் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. இப்போது ஒரு குடும்பம் தன் பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் புதிய விசிறியை மாட்டுகிறது என்று கொள்வோம். 45 வாட் மிச்சம்; நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் சேமிப்பு. இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீட்டுக்கு இதனால் 180 ரூபாய் குறையும். விசிறியின் விலை இரண்டரை மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடும். 180 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குக் குறைவது 90 ரூபாய். விலை திரும்ப ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். 90 யூனிட்டே செலவழிக்கும் ஏழையின் வீட்டுக்கோ குறைவது ஒன்றுமில்லை. எவருக்குச் சிக்கனம் மிகவும் தேவையோ அவருக்குச் சிக்கனத்தால் ஒரு காசும் கிடைப்பதில்லை. அவருடைய 40 யூனிட்டின் பயன் முழுவதும் அரசாங்கத்தின் கஜானாவுக்கும் மின் கழகத்துக்கும் போய்ச் சேருகிறது.

இலவச மின்சாரத்தை நீக்கிவிட வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. நான் அப்படி முடிவு கட்டவில்லை. நூறு யூனிட் வெளிச்சமும் காற்றும் ஒரு குடும்பத்துக்கு மிகையான தானமல்ல. நான் சொல்வது, லாபம் எவரிடம் சேருகிறதோ அவரே முதலீட்டையும் செய்யவேண்டும் என்ற சாதாரண வியாபார நீதியை. 100 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டில் நல்ல விசிறியை மாட்டும் செலவு அரசாங்கத்தின் செலவாகவே இருக்க வேண்டும். அது தயவல்ல, தன் மானியச் சுமையைத் தானே குறைத்துக்கொள்ளும் முதலீடு. இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தில் மிக்சியுடனும் கிரைண்டருடனும் மின்விசிறியும் லட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது. அன்று விசிறியின் வாட் அளவைப் பற்றி நாடு அதிகம் கவலைப்படவில்லை. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்ட இக்காலத்தில், அதே வழியில் அதே வேகத்துடன், அளவறிந்து கொடுக்கலாம்.

சிறு வீடுகளுக்குக் கடன் என்னும் கருவி ஏன் பொருந்தாது என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் ஒரு பாடம். 2013 ஜனவரியில் அந்நாட்டு அரசு ‘கிரீன் டீல்’ என்ற பெயரில், வீட்டைத் திருத்துவதற்குக் கடன் தந்து, அதை மின்சார ரசீதின் மூலமாகவே தவணையாக வசூலிக்கும் திட்டத்தைப் பெருத்த நம்பிக்கையுடன் தொடங்கியது. வட்டி அதிகம், நடைமுறை சிக்கல், மக்களுக்கு ஆசை இல்லை. சுமார் பதினாலாயிரம் வீடுகளே கடன் பெற்ற நிலையில் 2015-இல் அரசாங்கம் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ரசீது கனமாக இருக்கும் குளிர் தேசத்திலேயே இப்படி ஆயிற்றென்றால், ரசீதே இல்லாத நம் சிறு வீட்டில் எந்த ரசீதிலிருந்து தவணையைக் கழிப்பது? இதற்கு நேர்மாறான வெற்றி ஒன்று செஞ்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள புதுச்சேரியில் நிகழ்ந்தது. 2014-இல் அங்கே எல்.இ.டி. விளக்குகள் ஒன்று பத்து ரூபாய் வீதம் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டு, எஞ்சிய விலை மின் துறைக்கு ஏற்படும் சேமிப்பிலிருந்து ஈடு செய்யப்பட்டது. அந்தச் சோதனையின் தொடர்ச்சியாக 2015 ஜனவரியில் நாடு தழுவிய ‘உஜாலா’ திட்டம் பிறந்தது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததன் விளைவாக, 2014-இல் 310 ரூபாயாக இருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாயாக இறங்கிற்று. கொள்முதலின் பலம் இது. விசிறிக்கும், வெண்பூச்சுக்கும், பீங்கான் ஓட்டுக்கும் இந்தப் பலத்தைக் காட்டுவதில் என்ன தடை இருக்கிறது?

ஒரே ஒரு தடை இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விளக்கின் சேமிப்பை யூனிட்டால் அளக்கலாம். கூரையின் சேமிப்பை அப்படி அளக்க முடியாது. குளிர்சாதனம் இல்லாத வீட்டில் தளத்துக்கு வெண்பூச்சு அடித்தால், முன்னர் வியர்த்துக்கொண்டு விசிறியின் கீழ் படுத்தவர்கள் இப்போது உறக்கத்துடன் அதே விசிறியின் கீழ் படுப்பார்கள். மீட்டரில் ஒரு யூனிட்டும் குறையாமல் போகலாம். யூனிட்டையே அளவுகோலாகக் கொண்ட அதிகாரி இதனைத் தோல்வி என்று குறிப்பெழுதுவார். ஆனால் அவ்வீட்டில் பிள்ளை தூங்கிப் படிக்கப் போகிறது. கழனி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர் களைப்பு நீங்கி எழுகிறார். முதியவரின் உடலுக்கு இரவில் ஓய்வு கிடைக்கிறது. அகமதாபாத் நகரம் 2010 மே மாதத்து வெப்ப அலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த பிறகு 2013-இல் வெப்பச் செயல் திட்டம் வகுத்து, பின்னர் ஏழைகளின் கூரைகளை வெண்மையாக்கத் தொடங்கியதற்குக் காரணம் மின்சாரச் சிக்கனமல்ல, உயிர். தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்போரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் விதித்திருக்கிறது. இறந்த பின் நிவாரணம் கொடுப்பதற்கு நிதி ஒதுக்க முடிந்த பேரிடர்க் கணக்கிலிருந்து, இறவாமல் காக்கும் கூரைக்கும் நிதி ஒதுக்குவது தர்க்கத்துக்கும் தர்மத்துக்கும் பொருந்தும். ஆகவே இரவு பத்து மணிக்கு அறையில் எத்தனை டிகிரி என்பதே கூரைத் திட்டத்தின் வெற்றியை அளக்கும் கோலாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மின்சாரக் கணக்கும் கடைசியில் வந்து சேரத்தான் செய்யும். இன்று வெக்கையால் தவிக்கும் ஒவ்வொரு தளம் போட்ட வீடும், வருமானம் சற்று உயர்ந்த மறுநாளே, தவணைக்கு ஒரு ஏ.சி. வாங்கப்போகும் வீடு. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல் திட்டம், நாட்டின் குளிரூட்டும் தேவை இருபதாண்டுகளில் எட்டு மடங்காகும் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது கோடையின் நடுவிலேயே. 500 யூனிட்டைத் தாண்டும் நடுத்தரக் குடும்பம் படும் பாடும் சொல்லத்தக்கது: 2022-ஆம் ஆண்டுக் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், ஒரு யூனிட் மிகுந்து 501 ஆனால், கீழ்ப்படிச் சலுகை நீங்கி, 1958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இத்தகைய வீட்டுக்காரருக்குக் கூரையைச் செப்பனிடுவது நல்ல வியாபாரம். அவருக்கு மானியம் தேவையில்லை, இந்தக் கணக்கை ரசீதின் பின்புறத்திலேயே அச்சிட்டுக் காட்டுவதும், கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்காமல் கிடைக்கும் ஒரு சிறு கடனும் போதும். அவரைப் பொறுத்தவரை கடன் கூடாது என்பது என் வாதமன்று.

மக்கள் எப்போது கூரைக்குச் செலவழிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் மற்றொரு வழி திறக்கிறது. வெக்கைக்காகச் செலவழிப்பவர் சிலர். ஒழுகலுக்காகச் செலவழியாதவர் இல்லை. 2011 டிசம்பரில் ‘தானே’ புயலும், 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ புயலும் இம்மாவட்டத்தைத் தாக்கின. பின்னதில் மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிற்று. அதன் பின் தளத்தின் விரிசலை அடைக்கவும், தட்டோட்டை மாற்றவும், தார்ப்பூச்சு அடிக்கவும் வீடு வீடாகக் கொத்தனார்களைத் தேடினார்கள். தார் கறுப்பு, ஒழுகலை நிறுத்தி வெக்கையை வளர்க்கும். அதே கூலியில், அதே சாரத்தில், சிறிது மிகுந்த செலவில் நீரையும் வெயிலையும் ஒருங்கே தடுக்கும் வெண்மையான பூச்சையோ ஓட்டையோ இடலாம் என்பதை அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒருவர் இருந்தால் போதும். புயல் நிவாரணத்திலும், பழைய அரசுத் திட்ட வீடுகளுக்கென 2024-இல் அறிவிக்கப்பட்ட ஊரக வீடுகள் பழுதுபார்க்கும் திட்டத்திலும், ‘மேற்பரப்பு வெண்மையாக முடிக்கப்பட வேண்டும்’ என்ற ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால், தனியே ஒரு குளிர்கூரைத் திட்டத்துக்கு ஆகும் அலுவலகச் செலவு முழுவதும் மிஞ்சும். ஊரகத் திட்டங்கள் பேரூராட்சி எல்லைக்குள் வருவதில்லை என்பதால், செஞ்சி நகரத்து ஏழைகள் இங்கே விடுபட்டுப் போகாமல் பார்ப்பது நகர்ப்புறத் துறையின் பொறுப்பு.

வாடகைக் குடியிருப்போரின் நிலை இன்னும் சிக்கலானது. கூரை வீட்டுக்காரருடையது, வியர்வை குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் செலவழிக்கக் காரணமில்லை, குடியிருப்பவருக்கு உரிமையில்லை. தெலங்கானா அரசு 2023-இல் வெளியிட்ட குளிர்கூரைக் கொள்கை, அரசுக் கட்டடங்களுக்கும் வர்த்தகக் கட்டடங்களுக்கும் பெரிய மனைகளிலுள்ள வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கி, சிறு வீடுகளுக்கு விருப்பத்துக்கு விட்டது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரை என்பது அதன் இலக்கு. துணிவான தொடக்கம், ஆயினும் விருப்பத்துக்கு விடப்பட்ட இடத்தில்தான் வாடகைக் குடும்பங்கள் வாழ்கின்றன. வாடகை வீட்டின் தளத்தை வெண்மையாக்கும் உரிமையாளருக்குப் பேரூராட்சி ஓராண்டுச் சொத்து வரியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொடுப்பது இதற்கு எளிய தீர்வாக எனக்குப் படுகிறது. வரியைப் பற்றி இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும் சிமெண்டுக்கும் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது. சூரிய மின்தகட்டுக்கு 5-ஆகக் குறைந்தது. வெயிலைத் திருப்பும் பூச்சோ சாதாரண வண்ணப்பூச்சுகளுடன் சேர்த்து 18 விழுக்காட்டிலேயே நிற்கிறது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பொருளுக்குக் காட்டிய சலுகையை, வெயிலால் மின்சாரம் தேவைப்படாமல் செய்யும் பொருளுக்கும் காட்டுவது நேர்மை.

ஆராய்ச்சிக்கு வருவோம். ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் பல பதிற்றாண்டுகளாகக் கூரையின் வெப்பத்தை ஆராய்ந்து வருகிறது. அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், விசிறியுடனும் திறந்த ஜன்னலுடனும் வாழும் இந்தியர் எந்த உஷ்ணத்தைச் சௌகரியம் என்று உணர்கிறார்கள் என்பதை நாட்டின் பல தட்பவெப்பப் பகுதிகளில் அளந்து, குளிர் தேசத்து அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்று காட்டினார்கள். நம்முடைய விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஆரோவில் மண் கட்டுமான நிலையம் 1989 முதல், அழுத்திய மண்கற்களாலும் வளைவுக் கூரைகளாலும் கட்டும் வித்தையை உலகத்து மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறது. இத்தனை அறிவு அருகில் இருந்தும், அதில் பெரும்பகுதி புதிய கட்டடத்தையே நோக்கியிருக்கிறது. முப்பது ஆண்டு வயதான தொகுப்பு வீட்டின் தளத்தில், கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு உதிர்ந்து வரும் நிலையில், செங்கல் ஜல்லியும் ஓடும் ஏற்றினால் அந்தப் பாரத்தை அது தாங்குமா என்பது ஏழை வீட்டுக்கு உயிர்நிலையான கேள்வி. பாரம் குறைந்த மாற்று எது, நம்மூர்ப் புழுதியிலும் பாசியிலும் வெண்பூச்சு மூன்றாம் ஆண்டில் எவ்வளவு வெண்மையாக இருக்கிறது, ஆண்டுக்கொரு முறை கழுவினால் எவ்வளவு மீள்கிறது, அட்டைக் கூரையின் கீழ் எந்தப் பொருள் எலிக்கும் தீக்கும் தப்பி நிற்கிறது என்னும் கேள்விகளுக்கு விடை ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது. குடியிருக்கும் வீடுகளில், மாசி முதல் ஆடி வரை, வெப்பமானியைத் தொங்கவிட்டு இரவு பகலாகக் குறித்தால்தான் கிடைக்கும். அந்தக் குறிப்பெடுக்கும் வேலையை மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களும், தம் வீட்டின் வெக்கையை நன்றாக அறிந்த மகளிர் சுய உதவிக் குழுக்களும் சேர்ந்து செய்யலாம். முடிவுகள் தமிழில், கொத்தனார் கையில் பிடித்துப் படிக்கும் அளவில் வெளிவர வேண்டும். எந்தச் சுண்ணாம்பு, எத்தனை பங்கு, எத்தனை கனம், எத்தனை நாள் நனைப்பு என்று.

செஞ்சிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து ராணுவ அரண்களின் வரிசையில், மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளுடன் செஞ்சிக் கோட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்பெருமை ஊருக்குப் பல நன்மைகளைக் கொண்டுவரக்கூடும். கோட்டையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கோ, 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் முன்பே வேலியிட்டிருக்கின்றன: காக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. தடைப் பகுதியிலும் பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு முன்அனுமதி பெற வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்ட முடியாத இக்குடும்பங்களுக்குத்தான் இருக்கும் வீட்டைத் திருத்துவது ஒன்றே வழி. அவர்களுக்கே ஒரு தளத்தை வெண்மையாக்குவதற்கும் விண்ணப்பமும் வரைபடமும் காத்திருத்தலும் தேவைப்படுகின்றன. மலைமேல் ஏறி நின்று பார்க்கும் யாத்திரிகர் கண்ணுக்குக் கண்கூசும் வெள்ளைப் பரப்புகள் உறுத்தும் என்று தொல்லியல் துறையார் கருதினால், அக்கருத்தில் நியாயம் உண்டு; செந்நிறத் தட்டோடு பதித்த செங்கல் ஜல்லித் தளமும், நாட்டு ஓடும், சுண்ணாம்பின் மங்கிய வெண்மையும் கோட்டையின் அழகோடு ஒத்துப்போகும். இவ்வகைத் தளங்களில் மூன்று நான்கு மாதிரிகளைத் தேசிய நினைவுச்சின்ன ஆணையம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, வீட்டின் உயரமும் பரப்பும் மாறாத வரையில் அவற்றுக்குத் தனித்தனி விசாரணை வேண்டியதில்லை என்று ஒரு பொது உத்தரவு பிறப்பித்தால், பேரூராட்சி அலுவலகத்திலேயே ஒரு வாரத்துக்குள் அனுமதிச் சீட்டு கொடுத்துவிடலாம். பங்குனிக்குள் வேலை முடிந்து, சித்திரையில் சூரியன் உச்சிக்கு வருமுன் அந்தத் தளங்கள் நனைந்து இறுகிவிடும்.